அம்மா வேஷம், அன்றாடக் கூலி

முதுகலை படித்தபோது தமிழ் சினிமாவின் தாய் பிம்பம் பற்றி நீளமாக ஒரு கட்டுரை எழுதினேன். தியாகம் செய்யும் அம்மா, தையல் மிஷின் மிதிக்கும் அம்மா, மகனின் மடியில் உயிரை விடும் அம்மா என்று வகை பிரித்து, இந்தப் பிம்பம் பெண்ணை எப்படி வீட்டுக்குள் கட்டிப்போடுகிறது என்று விளக்கியிருந்தேன். துறையில் பாராட்டினார்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது அம்மாவுக்குப் பெருமையாக வாசித்துக் காட்டினேன். அம்மா சாத்தூரில் தீப்பெட்டி ஆபீஸில் பல வருடம் வேலை பார்த்தவர். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எல்லாஞ் சரி. அம்மாவா நடிச்சவுக பேரு எங்கடி?"

தாள்களைப் புரட்டிப் பார்த்தேன். இயக்குநர்களின் பெயர் இருந்தது. கதாநாயகர்களின் பெயர் இருந்தது. வசனம் எழுதியவர் பெயர்கூட இருந்தது. அம்மாவாக நடித்த ஒரு பெண்ணின் பெயரும் இல்லை. நான் எழுதாத பெயரை அம்மாதான் சொன்னார்: "சர்வர் சுந்தரத்துல நாகேஷுக்கு அம்மாவா வருவாகளே, எஸ்.என்.லட்சுமி. நம்ம விருதுநகர்ப் பக்கத்து ஆளு."

இன்று ஒரு பெண்கள் கல்லூரியில் வரலாறு கற்பிக்கிறேன். அந்தக் கட்டுரையில் விட்டுப்போனதை இப்போதாவது எழுத வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முரசின் மேல் ஒரு பெண்

எஸ்.என்.லட்சுமியின் முதல் எழுத்துகளில் ஊரும் அப்பாவும் இருக்கிறார்கள். ஊர் விருதுநகரை அடுத்த சென்னல்குடி. அப்பா பெயர் நாராயணன். 1927-இல், நிறையப் பிள்ளைகள் உள்ள ஏழை வீட்டில் பிறந்தவர். சிறு வயதிலேயே நாடக மேடைக்குப் போனார்.

அந்தக் காலத்தில் ஒரு பெண் நாடகத்துக்குப் போவது என்றால் என்ன என்பதை மாணவிகளுக்கு நான் இப்படித்தான் சொல்வேன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெயர் பெற்று விளங்கிய பாய்ஸ் கம்பெனிகளில் பெண் வேஷத்தையும் பையன்கள்தான் போட்டார்கள். பெண்களையே வைத்துக் கம்பெனி நடத்திய பாலாமணி அம்மாள் போன்றவர்கள் இருந்தார்கள். ஆனாலும் மேடை ஏறிய பெண்ணுக்குக் குடும்பப் பெண் என்ற பெயர் கிடைக்காது. கல்யாணத்துக்குப் பெண் கேட்டு யாரும் வரமாட்டார்கள். அதே சமயம், படிப்பும் நிலமும் இல்லாத ஒரு பெண் யாருடைய தயவும் இல்லாமல் சம்பாதிக்க முடிந்த மிகச் சில இடங்களில் மேடையும் ஒன்று. அவமானமும் சுதந்திரமும் அங்கே ஒரே கூலியில் சேர்ந்தே வந்தன.

லட்சுமி கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனின் நாடகக் குழுவில் நடித்தார். சினிமாவில் அவருடைய முதல் வேலை, ஜெமினி நிறுவனம் எடுத்து 1948-இல் வெளிவந்த 'சந்திரலேகா'வின் முரசு நடனம். பிரம்மாண்டமான முரசுகளின் மேல் கூட்டம் கூட்டமாகப் பெண்கள் ஆடுவார்கள். ஆட்டம் முடிந்ததும் முரசுகளுக்குள் ஒளிந்திருந்த வீரர்கள் வெளியே பாய்வார்கள். தமிழ் சினிமா வரலாறு எழுதுகிற எல்லோரும் இந்தக் காட்சியைச் சொல்லாமல் போவதில்லை. எஸ்.எஸ்.வாசன் செலவழித்த பணத்தைச் சொல்வார்கள், செட்டின் அளவைச் சொல்வார்கள். ஆடிய பெண்களைக் 'குழு நடனம்' என்ற இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். இருபத்தொரு வயது லட்சுமி அந்த முகங்களில் ஒன்று.

உடம்பை நம்பி வேலை செய்தவர் அவர். எம்.ஜி.ஆர். நடித்த 'பாக்தாத் திருடன்' (1960) படத்தில் சிறுத்தையுடன் மோதும் காட்சியில் டூப் இல்லாமல் நடித்தார் என்று அவரைப் பற்றிய குறிப்புகள் சொல்கின்றன. நமக்குத் தெரிந்த லட்சுமியோ கூன் விழுந்த, சுங்கடிச் சேலை கட்டிய பாட்டி. சிறுத்தையுடன் மோதியவரை எப்போது கிழவி ஆக்கினோம்?

வயது யாருக்கு ஓடுகிறது

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 'சர்வர் சுந்தரம்' 1964-இல் வந்தது. ஓட்டலில் சர்வராக இருக்கும் சுந்தரம் சினிமா நட்சத்திரம் ஆகிறான். அம்மா சாகக் கிடக்கும்போது அவன் படப்பிடிப்பில் மாட்டிக்கொள்கிறான், முகம் பார்க்க வருவதற்குள் அம்மா போய்விடுகிறார். நாகேஷ் பிறந்தது 1933. மகனுக்கு வயது 31, அம்மாவுக்கு வயது 37.

இது லட்சுமிக்கு மட்டும் நடந்ததல்ல. 1952-இல் 'பராசக்தி'யில் சிவாஜிக்கு ஜோடி பண்டரிபாய். 1954-இல் 'அந்த நாள்' படத்திலும் ஜோடி. 1969-இல் 'தெய்வமகன்' வந்தபோது பண்டரிபாய் அப்பா சிவாஜிக்கு மனைவி, இரண்டு மகன் சிவாஜிகளுக்கு அம்மா. இருவரும் ஏறக்குறைய ஒரே வயதுக்காரர்கள். 'முதல் மரியாதை'யில் (1985) ஐம்பதைத் தாண்டிய சிவாஜிக்கு மனைவியாக நடித்த வடிவுக்கரசி அப்போது முப்பதைத் தொடவில்லை. அதே வடிவுக்கரசி 1997-இல் 'அருணாச்சலம்' படத்தில், தன்னைவிட வயதில் மூத்த ரஜினிகாந்துக்குக் கூன் போட்ட பாட்டி.

கதாநாயகனுக்கு வயது நின்றுவிடுகிறது. அவனோடு நடித்தவளுக்கு மட்டும் அது இரண்டு மடங்கு வேகத்தில் ஓடுகிறது. கதாநாயகி கல்யாணமாகிப் போனால் அவள் திரும்பி வரும் கதவு அண்ணி, அம்மா என்ற கதவுதான். கதாநாயகியாகவே ஆகாதவர்களுக்கோ தொடக்கத்திலிருந்தே அந்தக் கதவு மட்டும்தான். தலையில் கொஞ்சம் வெள்ளைப் பூச்சு, நூல் சேலை, இடுங்கிய குரல். முப்பத்தேழு வயதுப் பெண் கிழவி ஆகிவிடுவாள்.

இந்தக் கணக்குக்கு இன்னொரு பக்கமும் உண்டு. கதாநாயகிகளில் பெரும்பாலானவர்களுக்குப் பத்து வருடம் கிடைத்தாலே பெரிது. லட்சுமி 'சந்திரலேகா'விலிருந்து 64 வருடம் வேலை செய்தார். சீக்கிரமே கிழவி ஆக்கப்பட்டதுதான் அவருக்கு நீண்ட வேலையையும் கொடுத்தது. இதை அநியாயம் என்று மட்டும் சொல்லி முடித்தால் அவருடைய சாமர்த்தியம் கண்ணில் படாது. சாமர்த்தியம் என்று மட்டும் கொண்டாடினால் அநியாயம் கண்ணில் படாது.

கல்யாணமே ஆகாத அம்மா

என் பழைய கட்டுரை இடறியது இங்கேதான். திரையில் மகனுக்காக உருகிய லட்சுமி நிஜத்தில் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கணவன் இல்லை, பிள்ளை இல்லை. தன் சம்பாத்தியத்தில் தன் வாழ்க்கையை நடத்தினார். பெண்ணின் வாழ்க்கைக்குப் பிள்ளைதான் பொருள் என்று சொல்லும் காட்சிகளில் நடித்து, பிள்ளை இல்லாமல் வாழ்வதற்கான வருமானத்தை ஈட்டினார்.

பெண்ணியவாதிகளான நாம் அந்தப் பிம்பத்தை விமர்சித்தோம். விமர்சிக்கத்தான் வேண்டும். ஆனால் அதைத் தோளில் சுமந்து கால்ஷீட்டுக்கு இத்தனை என்று கூலி வாங்கிய பெண்ணை நாம் பார்க்கவே இல்லை. கதாநாயகனின் புகழுக்குக் கீழே கடைசியில் 'மற்றும் பலர்' என்று போடுகிற போஸ்டரும், அவர்கள் பெயரே இல்லாத என் கட்டுரையும் ஒரே காரியத்தைத்தான் செய்தன. "அது அவுக பொழப்பு" என்று அம்மா சொன்னது அப்போது எனக்கு மிகச் சாதாரணமாகப் பட்டது. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து கட்டை அடுக்கியவருக்கு, திரையில் அழுகிறவளும் வேலையில் இருக்கிறாள் என்பது பார்த்ததுமே புரிந்திருக்கிறது.

வேலை என்று பார்க்க ஆரம்பித்தால் திறமையும் கண்ணுக்குத் தெரிகிறது. 'மைக்கேல் மதன காமராஜன்' (1990) படத்தில் போகிற இடத்திலெல்லாம் பொருளை லவட்டும் திருட்டுப் பாட்டியாக வருவார். தமிழ் சினிமா பாட்டிகளுக்கு எப்போதும் பாசம் அல்லது புலம்பல்தான் கொடுக்கும். இங்கே அவருக்குக் கிடைத்தது ஒரு கெட்ட பழக்கம். திருடும்போது அந்த முகத்தில் குற்ற உணர்வு துளியும் இருக்காது. எங்கள் வீட்டில் யார் எதைத் தொலைத்தாலும் இன்றும் அந்தப் பாட்டியைத்தான் சந்தேகிப்போம். நான்கு வருடம் கழித்து 'மகாநதி'யில் மருமகன் சிறைக்குப் போன பிறகு பேரப்பிள்ளைகளைக் காப்பாற்றத் தவிக்கும் மாமியார். அதில் அழுகையைக் கூட்டாமல், தளர்ந்துபோவதை மட்டும் காட்டியிருப்பார். 'விருமாண்டி'யில் (2004) பேரனை அதட்டவும் கொஞ்சவும் தெரிந்த கிராமத்துக் கிழவி. மூன்று பாட்டிகளும் மூன்று மனுஷிகள். மூன்றிலும் கமல்ஹாசன் என்ன செய்தார் என்பதற்கு எத்தனையோ பக்கங்கள் எழுதப்பட்டிருக்கின்றன.

இந்த வரிசையில் பெரிய அங்கீகாரம் பெற்றவர் மனோரமா. பள்ளத்தூரில் வளர்ந்து, நாடகத்துக்குப் போய், 1958-இல் 'மாலையிட்ட மங்கை'யில் அறிமுகமாகி, கணவர் பிரிந்த பிறகு மகனைத் தனியாக வளர்த்தவர். 'கொஞ்சும் குமரி'யில் (1963) கதாநாயகியாகவும் நடித்தார். ஆயிரம் படங்களுக்காகக் கின்னஸில் இடம், 'புதிய பாதை'க்காகத் தேசிய விருது, 2002-இல் பத்மஸ்ரீ. அவர் பெற்றது எல்லாம் தகுதிக்குக் குறைவுதான். ஆனால் ஒரு மனோரமாவைச் சொல்லிவிட்டுக் குணச்சித்திர நடிகைகளின் வரலாற்றை முடித்துவிடும் பழக்கம் நமக்கு இருக்கிறது.

வீட்டுக்குள் வந்த வேலை

1975-இல் சென்னைத் தொலைக்காட்சி வந்தது. 1993-இல் சன் டிவி. 1999-இல் 'சித்தி' தொடங்கிய பிறகு சாயங்கால வேளையே சீரியல்களுக்கு என்று ஆனது. சீரியலை நாம் எவ்வளவோ திட்டியிருக்கிறோம், திட்டுவதற்குக் காரணமும் உண்டு. ஆனால் தொழில் வரலாறாகப் பார்த்தால், நாற்பது தாண்டிய நடிகைகளுக்கு மாதா மாதம் தொடர்ந்து வேலை கொடுத்த முதல் இடம் அதுதான். ஒரு படத்தில் அம்மாவுக்கு நான்கு நாள் வேலை இருந்தால் அதிகம். சீரியலில் மாமியாரும் பாட்டியும் இல்லாமல் கதையே நகராது. சினிமாவில் மூலையில் நின்ற பெண்கள் இங்கே கூடத்தின் நடுவில் வந்து உட்கார்ந்தார்கள். வில்லிகளாகத்தான் பலருக்கு அந்த இடம் கிடைத்தது என்பது வேறு கதை.

லட்சுமியும் சீரியலுக்கு வந்தார். 2011 கடைசியில் விஜய் டிவியில் தொடங்கிய 'சரவணன் மீனாட்சி'யில் அவர் பாட்டி. என் அம்மா அதை ஒருநாளும் விடமாட்டார். 2012 பிப்ரவரி 20 அன்று லட்சுமி சென்னையில் காலமானார். வயது 85. கடைசி வரை வேலையில் இருந்தார்.

அஞ்சலிக் குறிப்புகள் இதை அர்ப்பணிப்பு என்று எழுதின. அவர் விரும்பியே போயிருக்கலாம், அந்த முகத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் தீப்பெட்டி ஆபீஸில் 85 வயதுப் பெண் வேலை பார்த்தால் நாம் அதை அர்ப்பணிப்பு என்று சொல்லமாட்டோம். நாள் கூலித் தொழிலில் ஓய்வு பெறும் வயது என்று ஒன்று கிடையாது. கூப்பிடுவது நின்றால் அதுதான் ஓய்வு. கலைமாமணி விருது சுவரில் மாட்டுவதற்கு. மாத்திரை வாங்குவதற்கு அல்ல. குணச்சித்திர நடிகைகளின் முதுமை பற்றி, அவர்கள் இறந்த மறுநாள் மட்டும் பேசாமல், பேச வேண்டியது இதுதான்.

அதே குறிப்புகளில் இன்னொன்றும் இருந்தது: 1500 படங்கள், 6000 நாடகங்கள். 64 வருடத்துக்கு 1500 படம் என்றால், ஆறு பதிற்றாண்டும் இடைவிடாமல் இரண்டு வாரத்துக்கு ஒரு படம். சரியோ தவறோ, அது எண்ணிச் சொன்ன எண் அல்ல. யாரும் எண்ணாதபோதுதான் இப்படி முழு எண் வரும். அம்மாவிடம் இதைச் சொன்னேன். "நாங்க அடுக்குன கட்டையில ஒண்ணு கொறஞ்சாலும் கணக்கப்பிள்ளை கண்டுபிடிச்சுருவாரு, இவுக படத்த எண்ண ஒரு ஆளு இல்லையா?" என்றார்.

அதனால் இப்போது என் வகுப்பில் ஒரு பயிற்சி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு மாணவியும் ஒரு பழைய படத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். டைட்டிலை நிறுத்தி நிறுத்திப் படித்து, அம்மா, பாட்டி, வேலைக்காரி, பக்கத்து வீட்டுக்காரி வேஷம் போட்ட பெண்களின் பெயரை எழுத வேண்டும். அந்த நடிகையின் வயதை, அவர் யாருக்கு அம்மாவாக நடித்தாரோ அந்த நடிகரின் வயதோடு எழுத வேண்டும். பெயர் டைட்டிலில் இல்லை என்றால் வீட்டில் இருக்கும் அம்மாவிடமோ பாட்டியிடமோ கேட்க வேண்டும். அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. போன பருவத்தில் முப்பத்திரண்டு பேர் கொண்டுவந்த தாள்களை ஒரு பெரிய நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் 'சர்வர் சுந்தரம்'. அதை நானே எழுதினேன்.