தோட்டத்துக்கும் குறிசுடலுக்கும் ஒரே துப்பாக்கி போதுமா? வாங்க நினைப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை

செம்பனை மறுநடவு செய்த நிலத்தில் காட்டுப்பன்றிக் கூட்டம் ஓர் இரவு புகுந்தால் போதும். காலையில் போய்ப் பார்த்தால் கன்றுகளின் குருத்து தின்னப்பட்டு, அடிப்பகுதி கிளறப்பட்டுக் கிடக்கும். வேலி போட்டும் பட்டாசு வெடித்தும் அலுத்துப்போனவர் அடுத்துக் கேட்பது, “எந்தத் துப்பாக்கி வாங்கலாம்?” என்பதுதான்.

இணையத்தில் தேடினால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றே: ‘.308 போல்ட் ஆக்‌ஷன் ரைபிள். வேட்டைக்கும் ஆகும், குறிசுடலுக்கும் ஆகும்.’ அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருப்பவர்களுக்கு அது நல்ல பதில். கிள்ளானில் இருப்பவருக்கு அது பொருந்தாது. சட்டமும் இடம் கொடுக்காது, நிலமும் இடம் கொடுக்காது.

போல்ட் ஆக்‌ஷன் என்பது பழைய, எளிய அமைப்பு. கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழும். முன்னால் தள்ளி இறக்கினால் அடுத்த தோட்டா குழலுக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். அசையும் உறுப்புகள் குறைவு, பூட்டு இறுக்கம் அதிகம். குறி தவறாமல் இருப்பதற்கு அதுவே காரணம். ஜெர்மனியின் மௌசர் நிறுவனம் 1898இல் நிலைப்படுத்திய வடிவத்தைத்தான் இன்றைய வேட்டை ரைபிள்கள் பலவும் பின்பற்றுகின்றன. அவசரகாலத்தில் தோட்டங்களில் காவல் நின்றவர்களின் தோளில் தொங்கிய .303 லீ என்ஃபீல்டும் இதே வகைதான். பழைய தோட்டத்துப் பெரியவர்களுக்கு அந்த ‘திரீ நாட் திரீ’ நன்றாக நினைவிருக்கும்.

ஆனால் அதன் குண்டு எங்கே போய் நிற்கும் என்று யோசிக்க வேண்டும். .308 குண்டு நொடிக்கு ஏறக்குறைய 800 மீட்டர் வேகத்தில் புறப்பட்டு, தடுக்க ஒன்றும் இல்லாவிட்டால் 3 கிலோமீட்டருக்கும் அப்பால் போகும். சின்னது என்று நினைக்கும் .22 தோட்டாவே ஒன்றரை கிலோமீட்டர் வரை பறக்கும். மலைச்சரிவில் சுட்டால் குண்டு மண்ணில் புதையும். கிள்ளான் கடலோர நிலமோ பாய் விரித்ததுபோல் தட்டை. செம்பனை வரிசைக்கு அப்பால் லயன் வீடுகள் இருக்கும், கம்பத்துச் சாலை இருக்கும், விடியற்காலை பழக்குலை வெட்டப் போகும் தொழிலாளர் இருப்பார்.

மரத்துக்கு மரம் ஏறக்குறைய 9 மீட்டர் இடைவெளி உள்ள செம்பனைக் காட்டில் பன்றி கண்ணில் படுவதே பக்கத்தில்தான். 40 மீட்டருக்குள் முடிய வேண்டிய வேலைக்கு 3 கிலோமீட்டர் ஓடும் குண்டு எதற்கு? மலாய்க்காரர்கள் ‘செனாபாங் பத்தா’ என்று சொல்லும், நடுவில் ஒடித்துத் தோட்டா போடும் 12 போர் துப்பாக்கி தோட்டங்களில் நிலைத்துவிட்டது இதனால்தான். அதன் ரவைகள் சிதறிச் சீக்கிரமே வேகம் இழக்கும். ஆபத்து இல்லை என்பதல்ல. ஆபத்தின் எல்லை சிறியது.

சட்டம் என்ன சொல்கிறது?

துப்பாக்கி விஷயத்தில் இந்த நாட்டின் கடுமை புதிதல்ல. மலாயா தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி, ரவாங் அருகே வாட்டர்பால் தோட்டத்தில் பிடிபட்டு, கைத்துப்பாக்கியும் தோட்டாக்களும் வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டில் 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அது அவசரகாலச் சட்டம். பின்னர் வந்த இரண்டு சட்டங்கள் இன்றும் நடப்பில் உள்ளன.

ஒன்று, 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் 7 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். இன்னொன்று, 1971ஆம் ஆண்டு சுடுகலன் (கூடுதல் தண்டனை) சட்டம். சட்டவிரோதமாகச் சுடுகலன் வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறையும், 6க்குக் குறையாத பிரம்படியும் இதில் உண்டு. நாட்டுத் துப்பாக்கி செய்து வைத்திருப்பவர் இந்த எண்களை இன்னொரு முறை படிப்பது நல்லது.

பலர் கோட்டைவிடும் இடம் ஏர் ரைபிள். காற்றில்தானே சுடுகிறது, விளையாட்டுச் சாமான்தானே என்று இணையத்தில் தருவித்துவிடுகிறார்கள். ஆயுதச் சட்டத்தின் விளக்கத்தில் காற்றுத் துப்பாக்கியும் அடங்கும். போலித் துப்பாக்கிகளுக்கும் அதே சட்டத்தில் கட்டுப்பாடு உண்டு.

உரிமத்துக்கு மாவட்டக் காவல் தலைமையகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். முடிவெடுக்கும் அதிகாரம் மாநிலக் காவல்துறைத் தலைவருடையது. நிலப் பட்டா அல்லது குத்தகைப் பத்திரம், பயிர்ச் சேதத்துக்கான படங்கள், முன்பு கொடுத்த புகார்களின் நகல் ஆகியவை கையில் இருந்தால் துப்பாக்கி ஏன் தேவை என்பதை விளக்குவது எளிது. அனுமதி வந்த பிறகுதான் உரிமம் பெற்ற கடையில் வாங்கலாம். முன்பணம் கட்டிவிட்டு அனுமதிக்கு அலைவது தலைகீழான வேலை. தோட்டப் பாதுகாப்புக்கு ஷாட்கன் உரிமமே வழக்கம். தனியாருக்கு ரைபிள் உரிமம் கிடைப்பது அரிது.

உரிமம் துப்பாக்கிக்கு மட்டுமல்ல, ஆளுக்கும் சேர்த்துத்தான். “முதலாளியின் துப்பாக்கி, நான் தூக்கிக்கொண்டுதான் போனேன்” என்பது உரிமத்தில் பெயர் இல்லாத தொழிலாளரைக் காப்பாற்றாது. அழைத்துப் போகும் குத்தகைக்காரரிடம் இதை முதலிலேயே கேட்டுவிடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

துப்பாக்கி உரிமம் வேட்டை உரிமம் ஆகாது. காட்டுப்பன்றியும் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ளது. வேட்டைக்கு பெர்ஹிலித்தான் எனும் வனவிலங்குத் துறையின் உரிமம் தனியாக வேண்டும். ரூசா, கீஜாங் மான்களின் வேட்டைக்கு 2009இலேயே தடை விதிக்கப்பட்டது. கம்பிக் கண்ணி வைப்பதும் குற்றம். 2022இல் செய்த திருத்தம் தண்டனைகளை மேலும் கூட்டிவிட்டது.

குறிசுடலில் ஆர்வம் உள்ளவர்களுக்கு

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் இருப்பவர் துப்பாக்கி வாங்க யோசிக்க வேண்டியதே இல்லை. குறிசுடல் சங்கத்தில் சேர்ந்து, பயிற்சியாளரின் கண்காணிப்பில் பழகுவதே முறையான வழி. 2017 சீ விளையாட்டுப் போட்டியின் குறிசுடல் சுபாங்கில் உள்ள தேசிய அரங்கில்தான் நடந்தது.

தொடங்குவதற்கு ஏற்றது 10 மீட்டர் ஏர் ரைபிள். குண்டு 4.5 மில்லிமீட்டர், இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்குகளுக்குப் போனது இந்தப் பிரிவில்தான். நம் நாட்டின் நூர் சூர்யானி 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பத்தோடு நின்று சுட்டதும் இதில்தான். உடல் பலத்தைவிட மூச்சும் நிதானமும் வேலை செய்யும் விளையாட்டு என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

அடுத்த படி 50 மீட்டர். இங்கே .22 ரைபிள் வருகிறது. பாரிஸில் இந்தியாவின் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றது இந்த 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில். ஆடாமல் இருப்பதற்காகவே இந்த ரைபிளைக் கனமாகச் செய்கிறார்கள். 8 கிலோ வரைகூட இருக்கும். விசை விரல் பட்டாலே விழும். வேட்டை ரைபிளோ தோளில் சுமக்க 3 கிலோவை ஒட்டி இருக்க வேண்டும்; தடுக்கி விழுந்தாலும் வெடிக்காத அளவுக்கு விசை கடினமாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே துப்பாக்கி என்றால் இரண்டிலும் அரைகுறைதான்.

ரைபிள் உரிமம் எளிதாகக் கிடைக்கும் நாட்டில் குடியேறிய பிள்ளைகள் கேட்டால் சொல்ல வேண்டியவை சில. தோளில் வைத்ததும் கன்னம் தானாக ஸ்கோப்புக்கு நேராக வர வேண்டும்; வராத துப்பாக்கி எவ்வளவு பெயர் பெற்றதானாலும் வேண்டாம். குழல் கட்டையைத் தொடாமல், இடையே ஒரு தாள் நுழைந்து போக வேண்டும். ஈரமான ஊரில் மரக்கட்டை ஊதிக் குறியை மாற்றிவிடும் என்பதால் துருப்பிடிக்காத எஃகும் செயற்கைக் கட்டையும் மேல். தோட்டா உள்ளூர்க் கடையில் சாதாரணமாகக் கிடைக்க வேண்டும். .308 இவ்வளவு பரவியதற்கு அதன் திறமைக்கு இணையாக இந்தக் காரணமும் உண்டு.

ஈரம் நம் ஊர் ஷாட்கனுக்கும் எதிரிதான். பஞ்சு வைத்த பெட்டியில் மாதக்கணக்கில் பூட்டி வைத்தால் பஞ்சு ஈரத்தை இழுத்துக் குழலில் துரு பிடிக்கும். எண்ணெய்த் துணியால் துடைத்து இரும்பு அலமாரியில் வைத்து, தோட்டாவை வேறு இடத்தில் பூட்ட வேண்டும். பழைய துப்பாக்கி வாங்குபவர் குழலை வெளிச்சத்தில் பிடித்து உட்புறம் பார்க்க வேண்டும்; அதில் பொறித்த எண்ணும் தாளில் உள்ள எண்ணும் ஒன்றா என்று சரிபார்க்க வேண்டும்.

உரிமம் வைத்திருந்த அப்பாவோ தாத்தாவோ இறந்துவிட்டால் அந்த உரிமம் பிள்ளைக்குத் தானாக வராது. நினைவுப் பொருள் என்று அலமாரியில் விட்டுவைத்தால், அன்று முதல் அது உரிமம் இல்லாத துப்பாக்கி. அதைக் காரில் போட்டுக்கொண்டு நிலையத்துக்குக் கிளம்பாமல், முதலில் இறப்புச் சான்றிதழையும் பழைய உரிமத்தையும் எடுத்துப் போய்க் காவல் நிலையத்தில் தெரிவித்து, ஒப்படைப்பது எப்படி என்று அவர்களிடமே கேட்டு அதன்படி செய்ய வேண்டும்.