கொங்கு நாட்டில் மக்காச்சோளம்

மக்காச்சோளம் என்பது அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட, புல் குடும்பத்தைச் சேர்ந்த தானியப் பயிர் ஆகும். கொங்கு நாட்டின் உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி, பல்லடம் முதலிய வட்டாரங்களில் விளையும் மக்காச்சோளம் பெரும்பாலும் கோழித் தீவனத்திற்காகவே விற்கப்படுகிறது.

பயன்பாடு

பல்லடம் கறிக்கோழிக்கும் நாமக்கல் முட்டைக்கும் பெயர் பெற்றவை. கோழித் தீவனத்தில் ஆற்றல் தரும் முதன்மைப் பொருள் மக்காச்சோளம். புரதத்திற்குச் சோயாப் புண்ணாக்கு சேர்க்கப்படுகிறது. உள்ளூர் விளைச்சல் போதாமையால் கர்நாடகம், பீகார் முதலிய மாநிலங்களிலிருந்தும் மக்காச்சோளம் வருவிக்கப்படுகிறது.

தரம்

ஈரப்பதத்தைப் பொறுத்து விலை மாறுபடும். அறுவடைக்குப் பின் களத்தில் நன்கு உலர்த்தாத மணிகளில் பூஞ்சை வளர்ந்து அஃப்ளடாக்சின் என்னும் நச்சு உண்டாகலாம். இது கோழிகளின் ஈரலைப் பாதிக்கும்.

சிக்கல்கள்

2018 ஆம் ஆண்டில் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட படைப்புழு, அவ்வாண்டே தமிழகத்திலும் பரவிப் பயிருக்குப் பெருஞ்சேதம் விளைவித்தது. அண்மைக் காலமாக எத்தனால் ஆலைகளும் மக்காச்சோளத்தை வாங்குவதால் தேவை கூடியுள்ளது. விலை உயர்ந்தால் உழவருக்கு ஆதாயம். கோழிப்பண்ணையாளருக்கோ தீவனச் செலவு மிகும். ஒரே வட்டாரத்தில் வாழும் இவ்விரு தரப்பினரின் வருவாயும் இந்த ஒரு தானியத்தின் விலையைச் சார்ந்துள்ளது.