சான்று காக்கும் கைகள்

வரலாறு சான்றின்மேல் நிற்பது என்பதை அறியாதார் இலர். ஆயினும் சான்று தானாக நிலைத்து நிற்பதன்று என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஓலையைச் செல் அரிக்கும். தாளைக் கரையானும் வெள்ளிமீன் பூச்சியும் தின்னும். கடற்காற்றின் ஈரம் மையை மங்கச் செய்யும். ஆண்டு முழுதும் வெம்மையும் ஈரமும் குறையாத பினாங்குத் தீவிலும் பிறைக் கரையிலும் இவ்வழிவு இரட்டிப்பு விரைவுடையது. எனவே, ஒரு சமுதாயத்தின் பழமை எஞ்சுவது, அதனைக் காக்கும் கைகள் உளவா என்பதைப் பொறுத்தே அமைகிறது. அக்கைகள் எவ்வாறு உருவாயின என்பதையும், அவற்றை உருவாக்குவதில் பயிற்சிக்கும் மக்கள் கூடும் விழாக்களுக்கும் உள்ள பங்கினையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழர்க்கு ஆவணக் காப்பு புதியதன்று. சோழர் கல்வெட்டுகளில் திருமந்திர ஓலை எழுதுவோரும், அவர்க்கு மேலாளராக விளங்கிய திருமந்திர ஓலைநாயகமும் குறிக்கப்பெறுகின்றனர். அரசனின் வாய்மொழி ஓலையாகி, ஓலை கணக்கில் பதிவாகி, பின்னர்ச் செப்பேட்டிலோ கல்லிலோ ஏறியது. சுவடிகளைப் படியெடுக்கும் கலையோ ஆசிரியரிடமிருந்து மாணாக்கர்க்கு வழிவழியாக வந்தது. கலைமகள் விழாவன்று ஏடுகளை எடுத்துத் துடைத்து அடுக்கும் வழக்கம், பக்தியோடு பாதுகாப்பையும் சேர்த்தே பயிற்றிய சமுதாய நிகழ்ச்சி எனின் மிகையன்று. ஆனால், படியெடுப்பார் குறைந்த காலத்தில் பழுதுற்ற ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விடும் வழக்கமும் அதே சமுதாயத்தில் நிலவியது. சுவடியின் மேல் அன்பு குன்றாதிருந்தும் அதனைக் காக்கும் பயிற்சி அற்றுப்போனதால் நேர்ந்த இழப்பு அது.

இனி, நம் வட்டாரத்தை நோக்குவோம். 1786 இல் கிழக்கிந்தியக் கும்பினியின் வசமான பினாங்கு, 1805 இல் தனி மாகாணமாக உயர்ந்தது. 1826 இல் மலாக்கா, சிங்கப்பூருடன் இணைந்து நீரிணைக் குடியேற்றங்களில் ஒன்றாயிற்று. 1832 இல் தலைமை அலுவலகம் சிங்கப்பூருக்குப் பெயர்ந்தது. ஆட்சி பெயருந்தோறும் ஏடுகளும் பெயர்ந்தன. அதனால் இத்தீவின் தொடக்க கால ஆவணங்களைக் காண விழைவோர் இலண்டனுக்கும் சிங்கப்பூருக்கும் செல்ல வேண்டியவராயினர். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்த தொழிலாளர் பற்றிய அரசுத் தாள்களில் பெரும்பகுதியோ சென்னை எழும்பூரில் 1909 இல் எழுந்த ஆவணக் காப்பகக் கட்டடத்தில் இருக்கின்றது. நம்மவர் வாழ்ந்தது இங்கே. வாழ்ந்ததற்கான எழுத்துச் சான்று இருப்பது எங்கெங்கோ!

தாளுக்கு நேர்ந்தது மண்ணில் புதைந்த பொருளுக்கும் நேர்ந்தது. செபராங் பிறையின் வடபகுதியில் உள்ள குவார் கெப்பாவில், தொல்மாந்தர் உண்டு கழித்த கிளிஞ்சல்கள் மேடுகளாகக் குவிந்திருந்தன. 1934 இல் அங்கு நடந்த அகழாய்வில் கிடைத்த எலும்புக்கூடுகள் நெதர்லாந்தின் இலெய்டன் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டன. 2017 இல் அவ்விடத்திலேயே காட்சிக்கூடம் அமைக்கும் பணி நடந்தபோது மற்றோர் எலும்புக்கூடு வெளிப்பட்டது. ‘பினாங்குப் பெண்’ எனப் பெயர் பெற்ற அதனை இவ்விடத்து ஆய்வாளரே அகழ்ந்து ஆராய்ந்தனர். முன்னது கடல் கடந்தது. பின்னது இம்மண்ணிலேயே ஆய்வுக்குரியதாயிற்று. இடைப்பட்ட 83 ஆண்டுகளில் விளைந்த மாற்றத்தின் வேர், பயிற்சி பெற்றோர் இந்நாட்டில் உருவானமையே என்க.

அவ்வுருவாக்கம் ஒரு நாளில் நிகழ்ந்ததன்று. இரண்டாம் உலகப் போரின் அழிவைக் கண்ட உலகம், 1946 இல் அரும்பொருளகங்களுக்கும் 1948 இல் ஆவணக் காப்பகங்களுக்கும் பன்னாட்டு மன்றங்களை நிறுவியது. மலாயா விடுதலை பெற்ற 1957 ஆம் ஆண்டிலேயே பொது ஆவண அலுவலகம் தொடங்கப்பட்டது; 1963 இல் அது தேசிய ஆவணக் காப்பகம் என்னும் பெயர் பூண்டது. தொடக்க ஆண்டுகளில் அதனை நெறிப்படுத்தியவர் வெர்கோவன் என்னும் டச்சு நாட்டு அறிஞர். ஆவணங்களை வகைப்படுத்தும் நெறியை 1898 இல் மூவர் சேர்ந்து நூலாக வகுத்தளித்த நாட்டினர் அவர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. 1966 இல் தேசிய ஆவணக் காப்பகச் சட்டம் பிறந்தது. அதே ஆண்டில்தான் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடும் கோலாலம்பூரில் கூடியது. 1968 இல் பன்னாட்டு ஆவண மன்றத்தின் தென்கிழக்காசியக் கிளை அந்நகரிலேயே தொடங்கப்பெற்றது. அண்டை நாட்டுக் காப்பாளர்கள் கூடித் தம் இடர்களைப் பகிர்ந்து, ஒருவர் கற்றதை மற்றவர்க்கு வழங்கும் களமாக அது அமைந்தது. வெம்மைமிகு நாடுகளின் இடர், குளிர்நாட்டு நூல்களில் முழுதும் எழுதப்பட்டிருக்கவில்லை. ஆதலின் இத்தகைய கூட்டம் இன்றியமையாததாயிற்று.

பயிற்சியால் விளையும் பயன் யாது என வினவலாம். ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஒரு தோட்டத்துக் கோயிலின் பழைய தாள்கள் ஒரு பெட்டியில் கிடைக்கின்றன எனக் கொள்வோம். ஆர்வமுள்ள ஒருவர் அவற்றைப் பிரித்து, பற்றுச்சீட்டுகளை ஒரு கட்டாகவும், கடிதங்களை ஒரு கட்டாகவும், அழைப்பிதழ்களை ஒரு கட்டாகவும் அடுக்குகிறார். பார்வைக்கு அழகுதான். ஆனால், தேர் செய்த தச்சர்க்குக் கொடுத்த பற்றுச்சீட்டு, அவர் எழுதிய கடிதத்தோடும் அதுபற்றிய கூட்டக் குறிப்போடும் ஒன்றாக இருந்தபோது ஒரு வரலாற்றைச் சொல்லியது; பிரிந்தபின் அது வெறும் தொகையைச் சொல்லும் தாளாயிற்று. எனவேதான், தாள்கள் பிறந்த இடத்தையும் அவை இருந்த வரிசையையும் கலைத்தல் ஆகாது என்பது காப்பாளர் கற்கும் முதற் பாடமாயிற்று. குண்டூசி துருவேறித் தாளைத் துளைக்கும். ஒட்டுநாடாவின் பசை எழுத்தைக் கறையாக்கும். வெயிலில் உலர்த்தின் மை வெளிறும். இவை சிறு செய்திகளே. எனினும் இவற்றை அறியாத அன்பு, ஆவணத்திற்குப் பகையாகிவிடும்.

பினாங்கு மாநில அரும்பொருளகம், ஃபார்க்குவார் தெருவில் உள்ள பழைய பினாங்கு ஃபிரீ பள்ளிக் கட்டடத்தில் 1965 இல் திறக்கப்பட்டது. 1986 இல் பினாங்கு மரபுடைமை அறக்கட்டளை தோன்றியது. 2001 இல் இத்தீவின் இனங்கள் ஒவ்வொன்றின் வரலாறு பற்றியும் தனித்தனிக் கருத்தரங்குகளும், அவற்றின் தொடர்ச்சியாக 2002 இல் பன்னாட்டு மாநாடும் ‘பினாங்கின் கதை’ என்னும் பெயரில் நடைபெற்றன. அறிஞர் மட்டுமன்றிப் பொதுமக்களும் அமர்ந்து கேட்ட அவைகள் அவை. 2008 சூலை 7 ஆம் நாள் ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றன. அந்நாள் இம்மாநிலத்தில் விடுமுறை நாளாகி, ஆண்டுதோறும் கொண்டாடப்பட்டு வருகிறது. தமிழ் முஸ்லிம்களின் பழங்குடும்பங்கள், அறக்கொடைகள், வணிகம் ஆகியவற்றை ஆராய்ந்து சல்மா நாசுத்தியோன் கூ எழுதிய ‘பினாங்கில் சூலியர்’ பற்றிய பெருநூல் 2014 இல் வெளிவந்தது. மக்கள் தம் வீட்டுப் பெட்டகங்களைத் திறக்க முன்வரும்போதே இத்தகைய நூல்கள் பிறத்தற்கு வழி ஏற்படுகின்றது.

கொண்டாட்டம் எதற்கு, சட்டம் போதாதோ எனக் கேட்பாரும் உளர். அன்னார்க்கு விடையாக அமைவது பூசாங் பள்ளத்தாக்கில் நிகழ்ந்த துயர். அண்டை மாநிலமாகிய கெடாவில், பதினொன்றாம் எண் பெற்ற பழங்கோயிலின் எச்சம், நில மேம்பாட்டுப் பணியில் இடித்தழிக்கப்பட்ட செய்தி 2013 இல் வெளியாயிற்று. தேசிய மரபுடைமைச் சட்டம் 2005 இலேயே இயற்றப்பட்டிருந்தது. ஆனால் அவ்விடம் அச்சட்டத்தின்கீழ் பதிவு செய்யப்பட்டிருக்கவில்லை. எழுப்பப்பட்ட குரல் இடிபாட்டுக்குப் பின்னரே எழுந்தது. அறிந்தோர் சிலராய் இருந்தால் காவல் எத்துணைத் தளரும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

தமிழர் இழப்பினால் கற்ற பாடங்களும் உள. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அத்தழும்பைச் சுமந்த ஈழத்தமிழர், 2005 இல் நூலகம் என்னும் மின்னூலகத்தைத் தொடங்கிப் பல்லாயிரம் ஏடுகளை உலகறியச் செய்தனர். கோட்டையூர் ரோஜா முத்தையா தம் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களும் இதழ்களும், அவர் மறைவுக்குப் பின், 1994 இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக மலர்ந்தன. ஒருவரின் சேகரிப்பு பலரின் பயிற்சியோடு சேர்ந்தமையாலேயே அஃது அழியாது நின்றது.

நம் நிலை யாது? 1924 இல் தோன்றிய ‘தமிழ் நேசன்’ 2019 இல் நின்றுவிட்டது. தொழிலாளரைச் சுமந்து வந்த ‘ரஜூலா’க் கப்பலின் மலாயாப் பயணங்கள் 1973 இல் முடிந்தன. அதில் வந்தோர் முதுமையுற்றனர், பலர் மறைந்தனர். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது பள்ளிகள் இடம்பெயர்ந்தன; கோயில்கள் பெயர்ந்தன. அவற்றின் வருகைப் பதிவேடும் கணக்குப் பேரேடும் எங்கே போயின என்று கேட்பதற்குரியவர் நாமே.

தமிழாசிரியப் பெருமக்களே, மாணவர்களே! பெரும்பொருள் செலவிட வேண்டியதில்லை. மே 18 உலக அரும்பொருளக நாள். சூன் 9 உலக ஆவணக் காப்பக நாள். அவ்விரு நாள்களில் ஒன்றையேனும் பள்ளியில் கொண்டாடுங்கள். மாணவர் தத்தம் இல்லத்திலுள்ள பழைய கடவுச்சீட்டு, திருமண அழைப்பிதழ், நாடக விளம்பரத்தாள், நிழற்படம் ஆகியவற்றைக் கொணரட்டும். யாருடையது, எங்கிருந்தது, படத்தில் இருப்போர் யாவர் என்பதைத் தனித்தாளில் எழுதி உடன் வைக்கட்டும். படத்தின் மீது எழுதுதல் வேண்டா. தாத்தாவும் பாட்டியும் சொல்வதை ஒலிப்பதிவு செய்யட்டும். பயிற்சி பெற்ற காப்பாளர் ஒருவரை அழைத்து, ஒரு நாள் முழுதும் செய்முறையாகக் கற்பிக்கச் செய்யுங்கள். மாணவருள் ஒருவரேனும் இதனையே தம் தொழிலாகத் தேர்ந்துகொள்வாராயின், அவ்விழா பயன் தந்ததாகும்.

இலக்கியத்தைக் கற்பிப்பவர் சொல்லைக் காக்கின்றார். ஆவணத்தைப் பேணுபவர் அச்சொல்லைப் பேசிய மக்களைக் காக்கின்றார். இவ்விரு பணியும் ஒருங்கே நடைபெறின், எழுபது ஆண்டுகட்குப் பின் பிறைக் கரையில் தமிழர் வரலாறு எழுத அமரும் இளைஞர்க்கு, கடல் கடந்து சென்று தேட வேண்டிய நிலை நேராது.