மறுக்க வேண்டியவர் யார்?

குடித்து நிலை தடுமாறி நிற்பவனுக்கு மேலும் மது விற்கலாகாது என்பது நமது நாட்டிற்குப் புதிய கருத்தன்று. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம், உரிமம் பெற்ற விற்பனையாளரோ அவருடைய பணியாளரோ வெறியேறியவனுக்கு மது விற்பதையும், தவறணைக்குள் வெறியாட்டத்திற்கு இடங்கொடுப்பதையும் குற்றமாக்கியது. ஆகவே, தவறணைக்காரருக்குப் பொறுப்பு உண்டா என்ற வினா ஏட்டளவில் நூறாண்டுகளுக்கு முன்னரே தீர்ந்துவிட்டது. தீராத வினா வேறொன்று. மறுக்கும் பொறுப்பைச் சுமந்தவர் யார், மறுக்காமையால் இலாபம் பெற்றவர் யார் என்பதே அது. இவ்விருவரும் ஒருவரல்லர் என்பதைத் திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாறு நன்கு காட்டுகிறது.

1795இல் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைக் கைப்பற்றிய பிரித்தானியர், 1957 வரை அதனைக் கடற்படைத் தளமாக வைத்திருந்தனர். அக்காலம் முழுவதும் அவர்களுடைய கடற்படையில் மாலுமிக்கு நாள்தோறும் ரம் அளந்து கொடுக்கப்பட்டது. அவ்வழக்கம் 1970ஆம் ஆண்டு யூலை 31ஆந் தேதியுடன்தான் ஒழிந்தது. தரைப்படையிலும் முன்னர் இந்நிலையே இருந்தது. 1808 முதல் 1821 வரை இலங்கையிற் பணியாற்றிய இராணுவ மருத்துவர் ஹென்றி மார்ஷல், படையினருக்கு மதுவைப் பங்கீடாக வழங்கும் வழக்கத்தைப் பின்னாளிற் கடுமையாகக் கண்டித்தவர். அதிகாரபூர்வமாகக் குடிக்கப் பழக்கப்பட்ட மனிதனே கரையிறங்கித் தவறணை வாயிலுக்கு வந்தான். கப்பலில் வார்த்துக் கொடுத்த அரசு, கரையில் மறுக்கும் கடமையைத் தவறணைப் பையனிடம் ஒப்படைத்தது.

அந்தப் பையனுக்குப் பின்னால் நின்றவர்கள் யார்? ஒல்லாந்தர் தொடக்கிய சாராயக் குத்தகையைப் பிரித்தானியர் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் தொடர்ந்தனர். ஒரு பகுதியிற் சாராயம் விற்கும் ஏகபோக உரிமை ஏலத்தில் விடப்பட்டது. கூடிய தொகைக்குக் கேட்டவர் அதனைப் பெற்றார். அரசாங்கத்தின் முக்கிய வருமானங்களுள் இஃது ஒன்று. கட்டிய பணத்தைக் குத்தகைக் காலம் முடிவதற்குள் மீட்க வேண்டிய குத்தகைக்காரர், ஒவ்வொரு தவறணையிலிருந்தும் கூடிய விற்பனையையே எதிர்பார்த்தார். ஏலத்தொகை உயர உயர, மறுக்கப்படும் ஒவ்வொரு கோப்பையும் நட்டமாயிற்று. இலங்கை முதலாளி வர்க்கத்தின் தொடக்க மூலதனத்திற் பெரும்பங்கு இக்குத்தகையிலிருந்து திரண்டதென்பதைக் குமாரி ஜயவர்த்தன விரிவாக ஆராய்ந்து காட்டியுள்ளார். பின்னாளில் அமைச்சர்களையும் கொடைவள்ளல்களையும் தந்த வர்க்கம் இது. வெறிகாரனைக் கைத்தாங்கலாக வெளியே விட்ட தவறணைப் பையனின் பெயர் எந்த வரலாற்றிலும் இல்லை.

சட்டங்களின் கால வரிசையும் கவனிக்கத்தக்கது. பொதுவிடத்தில் வெறியில் ஒழுங்கீனமாக நடப்பவனைத் தண்டிக்கும் பிரிவு 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையிலேயே உண்டு. குத்தகைப் பணம் வந்துகொண்டிருந்த காலத்தில் குற்றவாளி குடித்தவனே. விற்றவரைக் குற்றவாளியாக்கும் சட்டம் 29 ஆண்டுகள் கழித்து, பெருங்குத்தகை முறை மாற்றப்பட்ட வேளையில் வந்தது. அதே சீர்திருத்தம் புதிய கள்ளுத் தவறணைகளையும் திறந்தமையால் நாடெங்கும் மதுவொழிப்பு இயக்கம் கிளர்ந்தெழுந்தது. வலக்கையால் மறுக்கச் சொல்லி, இடக்கையால் கடை திறந்த சட்டம் அது!

விற்பவரைப் பொறுப்பாக்கினாற் பயனில்லை, ஓரிடத்தில் மறுக்கப்பட்டவன் அடுத்த இடத்திற்குப் போவான், அல்லது கசிப்பைத் தேடுவான் என்று சொல்வோர் உண்டு. கசிப்பின் கொடுமையை எவரும் மறுக்க முடியாது. ஆனால் இவ்வாதம் பிரித்தானியப் படைத்தலைமைக்கு ஒருபோதும் தடையாக இருந்ததில்லை. 1942 பெப்ரவரியிற் சிங்கப்பூர் வீழ்ந்தபின் திருகோணமலையின் முக்கியத்துவம் பன்மடங்காயிற்று. ஏப்ரல் 9ஆந் தேதி யப்பானிய விமானங்கள் அதனைத் தாக்கின. போர்க்கால நகரம் படையினரால் நிரம்பிற்று. துறைமுக நகரங்களில் தொல்லை தரும் மதுச்சாலைகளுக்குத் தம் வீரர் செல்லலாகாது எனத் தடைவிதிப்பது அப்படைகளின் பொதுவான வழக்கம். வழக்கு, சாட்சி, வெறியின் அளவு பற்றிய வாதம் எதுவும் அதற்கு வேண்டியதில்லை. வாடிக்கை போய்விடும் என்ற அச்சமே உரிமையாளரை ஒழுங்குபடுத்தப் போதுமானது. இலாபத்தைத் தொட்டாற் பொறுப்பு பிறக்கும் என்பதை ஏகாதிபத்தியம் அறிந்திருந்தது. தன் போர்வீரரைக் காக்க அந்த அறிவைப் பயன்படுத்திற்று. துறைமுகக் கூலியின் குடும்பத்தைக் காக்க அன்று.

மக்கள் கையிலும் ஓர் ஆயுதம் கிடைத்தது. தவறணை வேண்டுமா வேண்டாமா என்று அவ்வூர் மக்களே வாக்களித்து முடிவுசெய்யும் முறையினால், 1920களிலும் 1930களிலும் இலங்கையிற் பல தவறணைகள் மூடப்பட்டன. குடிப்பவனும் விற்பவனும் துன்புறுபவளும் ஒரே ஊரவராய் இருக்குமிடத்தில் இம்முறைக்கு வலிமை உண்டு. துறைமுகத்திலோ குடிப்பவன் நாளை கப்பலேறிவிடுவான். விற்பனை உரிமை பெற்றவர் வேறு நகரில் இருக்கலாம். எஞ்சி நிற்பவள் தொழிலாளியின் மனைவி. கூலி நாளன்று மாலை எவ்வளவு பணம் வீடு வந்து சேரும் என்பது தவறணையில் முடிவாகிறது; அங்கே அவளுக்குச் சொல்லில்லை.

அவளுக்குச் சொல் கொடுத்த சட்டமும் உலகில் உண்டு. 1872ஆம் ஆண்டு இங்கிலாந்து நிறைவேற்றிய மது உரிமச் சட்டம், வெறிகாரனுக்கு விற்றவருக்குத் தண்டம் விதித்தது. தண்டப் பணம் அடிபட்டவளின் கைக்கு வருவதன்று. அதே 1872இல் அமெரிக்காவின் இலினோய் மாநிலம் வேறு வழியிற் சென்றது. வெறிகாரனால் உடலிலோ உடைமையிலோ வாழ்வாதாரத்திலோ கேடுற்ற மனைவியும் பிள்ளையும் பிறரும், அவனுக்கு மது விற்றவர்மீது தாமே நட்டஈட்டு வழக்குத் தொடரலாம் என்றது. தெரிந்தே மதுக்கடைக்கு இடங்கொடுத்த கட்டிட உரிமையாளரையும் அது விடவில்லை. பொறுப்பு கோப்பையை நீட்டியவருடன் நில்லாது மேலே ஏறியது.

நாம் பின்பற்றியது இங்கிலாந்தின் வழியை. 1957ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆந் தேதி திருகோணமலைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. தளத்தை நம்பியிருந்த தொழிலாளர் பலர் வேலை இழந்தனர். கொடி இறங்கிற்று, மதுவரிக் கட்டளைச் சட்டம் இறங்கவில்லை. திருத்தங்களுடன் அஃது இன்றும் நடைமுறையில் உள்ளது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் 21 வயதிற்குட்பட்டோருக்கு மது விற்பதைத் தடைசெய்தது. வயதை அடையாள அட்டை காட்டிவிடும். வெறியைக் காட்டும் அட்டை இல்லை. மூடிய போத்தலைக் கம்பி வலைக்கூடாக நீட்டும் கடையில், வாங்குபவனின் முகத்தைப் பார்க்கவே நேரமில்லை. அவன் கடற்கரையிலிருந்து குடிக்கிறான். விற்பனைக்கேற்ப அரசுக்கு வரி சேர்கிறது. வெறிகாரனுக்கு விற்ற குற்றத்திற்கு வழக்குத் தொடர்வதும் அதே அரசின் மதுவரித் திணைக்களமே. அவனுடைய மனைவி நட்டஈடு கேட்பதற்கென அக்கட்டளைச் சட்டம் தனி வழி எதனையும் வகுக்கவில்லை.