கிறிஸ்துமஸ் குற்றமாயிருந்த காலம்

வெள்ளைக்காரத் துரைமார் நம் நாட்டை ஆண்ட காலத்தில், டிசம்பர் கடைசி வாரம் வந்துவிட்டால் கச்சேரிகளுக்கெல்லாம் விடுமுறை. துரையின் பங்களா வாசலில் பழத்தட்டும் மாலையுமாகக் குமாஸ்தாக்கள் காத்து நிற்பார்கள். இங்கிலீஷ்காரனும் கிறிஸ்துமஸும் கூடப் பிறந்தவர்கள் என்றே அப்போது பார்த்தவர்களுக்குத் தோன்றியிருக்கும்.

ஆனால் அதே இங்கிலாந்தில் ஏறக்குறைய 13 ஆண்டுகள் கிறிஸ்துமஸ் சட்டப்படி ஒழிக்கப்பட்டிருந்தது. ஒழித்தவர்கள் கிறிஸ்துவின் விரோதிகள் அல்லர். வேதப் புத்தகத்தைத் தலைமேல் வைத்துப் போற்றிய பியூரிட்டன்கள்!

அவர்கள் கட்சியையும் கேட்க வேண்டாமா? கிறிஸ்து பிறந்த தேதி வேதத்தில் இல்லை. பண்டிகையின் பெயரிலேயே ரோமாபுரி வழிபாட்டின் வாசனை வீசுகிறது. பண்டிகை என்ற சாக்கில் ஜனங்கள் 12 நாள் குடித்தும் சூதாடியும் கூத்தடிக்கிறார்கள். இப்படியெல்லாம் சொன்னார்கள். பாதி நியாயந்தான். நம் ஊர்த் தேர்த் திருவிழாவில் கள்ளுக்கடைப் பக்கம் போனவர்கள் மறுக்கமாட்டார்கள்.

1642-இல் முதலாம் சார்லஸ் மன்னருக்கும் பார்லிமெண்டுக்கும் யுத்தம் மூண்டது. பார்லிமெண்டில் பியூரிட்டன்கள் கை ஓங்கிற்று. மாதத்தின் கடைசிப் புதன்கிழமை நாடெங்கும் உபவாசம் என்று ஏற்பாடு. 1644-இல் டிசம்பர் 25 அந்தப் புதன்கிழமையிலேயே வந்து தொலைத்தது. பொங்கலும் ஏகாதசியும் ஒரே நாளில் வந்த கதைதான். பார்லிமெண்டு சிறிதும் தயங்கவில்லை. உபவாசமே இருக்க வேண்டும், முன்னோர் செய்த கூத்துக்கும் சேர்த்து மனம் வருந்த வேண்டும் என்று உத்தரவிட்டது. 1647 ஜூனில் கிறிஸ்துமஸ், ஈஸ்டர் முதலிய பண்டிகைகளையே எடுத்துவிட்டார்கள். வேலைக்காரர்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளாமல், மாதந்தோறும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை விடுமுறை தந்தார்கள். பண்டிகைக்குப் பதிலாகச் செவ்வாய்க்கிழமை! சட்டம் செய்கிறவர்களுக்கு மனிதர்களைத் தெரியாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

அந்த வருஷ டிசம்பரில் கான்டர்பரி நகரத்து மேயர், கிறிஸ்துமஸ் அன்று கடைகளைத் திறந்து வைக்கச் சொன்னார். சில பேர் திறந்தார்கள். கூட்டம் கூடி, திறந்த கடைகளின் சரக்கைத் தெருவில் இறைத்தது. தெருவில் கால்பந்து ஆடினார்கள். வாசல்களில் பண்டிகைப் பச்சிலைக் கொத்துகளை வைத்தார்கள். பிறகு வழக்கு வந்தபோது, இவர்கள்மீது குற்றம் சாட்டவே ஜூரிகள் மறுத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு கென்ட் ஜில்லா முழுவதும் கலகத்தில் இறங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் என் மனத்தில் நிற்பவர் கலகக்காரர் அல்லர். ஜான் எவ்லின் என்ற சாதுவான கனவான். லண்டனுக்கருகே டெப்ட்போர்டில், தோட்டம் போடுவதும் புத்தகம் படிப்பதுமாக வாழ்ந்தவர். நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உள்ளவர். 1652 கிறிஸ்துமஸ் அன்று எந்தக் கோவிலும் திறக்கவில்லை என்றும், வீட்டிலேயே அந்த நாளை அனுசரித்ததாகவும் அதில் குறித்திருக்கிறார்.

1657 கிறிஸ்துமஸுக்கு மனைவியையும் அழைத்துக்கொண்டு லண்டன் போனார். ஸ்டிராண்ட் வீதியில் எக்ஸ்டர் மாளிகையின் சிறு ஆலயத்தில் கன்னிங் பாதிரியார் பிரசங்கம் செய்தார். பிரசங்கம் முடிந்து திருவிருந்து வழங்கும் சமயம், சிப்பாய்கள் ஆலயத்தை வளைத்துக்கொண்டார்கள். சனங்கள் திருவிருந்து வாங்க முன்னே நடக்க நடக்க, அவர்களை நோக்கித் துப்பாக்கிகள் நீண்டன. ஆயினும் பூசையை முடிக்க விட்டார்கள். ஒருவரும் திரும்பி ஓடியதாக எவ்லின் எழுதவில்லை.

அவரை அந்த மாளிகையிலேயே ஓர் அறையில் அடைத்தார்கள். ஆனால் வீட்டுக்காரரோடு உட்கார்ந்து சாப்பிட அனுமதித்தார்கள்! கைதிக்குப் பண்டிகைச் சாப்பாடு கிடைத்துவிட்டது. பிற்பகலில் வேலி, கோஃப் என்ற இரண்டு கர்னல்கள் விசாரிக்க வந்தார்கள். சார்லஸ் மன்னரின் மரண சாசனத்தில் கையெழுத்திட்டவர்கள் அவர்கள். மன்னர் மகனுக்காக ஜபித்தாயா என்று கேட்டார்கள். கிறிஸ்தவ அரசர்கள் எல்லாருக்குமாகத்தான் ஜபித்தோம் என்றார் இவர். அப்படியானால் நம் சத்துருவான ஸ்பெயின் அரசனும் அதில் அடக்கந்தானே என்று மடக்கினார்கள். கடைசியில் அவருடைய அறியாமைக்காக இரங்கி விட்டுவிட்டார்கள். மறுநாள் வெகு நேரம் கழித்தே வீடு வந்து சேர்ந்தார்.

வீட்டில் ரிச்சர்டு என்ற பிள்ளை இருந்தான். ஐந்து வயதுக்குள் லத்தீன் படித்தவன். தகப்பனுக்கு அவன்மேல் உயிர். அந்தக் கிறிஸ்துமஸ் கழிந்து ஒரு மாதம். 1658 ஜனவரி 27-ஆம் தேதி அவன் காய்ச்சலில் இறந்துபோனான். அவன் ஐந்து வயதும் மூன்று நாளும் வாழ்ந்தான் என்று நாள் கணக்காக எழுதி வைத்திருக்கிறார் எவ்லின். அவனுடைய கடைசிக் கிறிஸ்துமஸ் இரவில் தகப்பன் வீட்டில் இல்லை.

1660-இல் இரண்டாம் சார்லஸ் திரும்பி வந்தார். மன்னர் சம்மதமின்றிச் செய்த சட்டங்கள் செல்லாமற் போயின; கிறிஸ்துமஸும் திரும்பிற்று. மே 29-ஆம் தேதி ராஜ ஊர்வலம் லண்டனுக்குள் நுழைந்தபோது, ஸ்டிராண்ட் வீதியில் நின்றுதான் எவ்லின் அதைப் பார்த்தார்.