தானே அடுக்கிக்கொள்ளும் ஆல்பம்

இருநூறு படங்கள் கொண்ட ஒரு குடும்ப விழா ஆல்பத்தை 1990களின் நடுவில் இணையத்தில் ஏற்ற நினைத்தவர் இருநூறு பக்கங்களைக் கையால் எழுத வேண்டியிருந்தது. படத்துக்கு ஒரு எச்டிஎம்எல் ஃபைல். அதில் படம், கீழே ஒரு வரி விளக்கம், ஒரு பக்கம் ‘முந்தையது’, மறுபக்கம் ‘அடுத்தது’. முகப்பில் வைக்கும் சின்னப் படங்களுக்காக ஒவ்வொன்றையும் ஒரு மென்பொருளில் திறந்து, சுருக்கி, வேறு பெயரில் சேமிக்க வேண்டும். எல்லாம் முடிந்தபிறகு நடுவில் ஒரு படம் விட்டுப்போனது தெரிந்தால், அதற்கு முன்னும் பின்னும் இருக்கும் பக்கங்களைத் திறந்து இணைப்புகளை மாற்றி, முகப்பையும் திருத்தி, மறுபடி சர்வருக்கு அனுப்ப வேண்டும்.

இன்று படத்தைத் தேர்ந்து பொத்தானை அழுத்தினால் அது தன் இடத்தில் போய் நிற்கிறது. இடையில் நடந்த மாற்றம் ஒன்றுதான்: முன்கூட்டி எழுதிவைத்த பக்கம், பார்ப்பவர் கேட்கும் கணத்தில் கட்டப்படும் பக்கமாக ஆனது. இதைத்தான் டைனமிக் என்கிறார்கள். படக்கூடம் கட்ட வேண்டும் என்று உட்கார்ந்து யாரும் இதைத் திட்டமிடவில்லை. அவரவர் தேவைக்கு அவரவர் செய்த பொருள்கள் சில ஆண்டுகளில் ஓரிடத்தில் வந்து சேர்ந்தன. வலைத்தளம் கட்டக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அவர்கள் எழுதப்போகும் ஒவ்வொரு வரிக்கும் இதில் ஒரு காரணம் இருக்கிறது.

டிம் பெர்னர்ஸ்-லீ ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் வலையை உருவாக்கியது, ஆய்வாளர்கள் ஆவணங்களைப் பகிர்ந்துகொள்வதற்காக. 1992இல் அங்கே இருந்த ‘லே ஒரீப்ள் செர்னெட்’ என்ற நகைச்சுவைப் பாட்டுக்குழுவின் படம் வலையில் ஏறியது. நான்கு பெண்கள், படம் எடுத்தவர் செர்னில் வேலைபார்த்த சில்வானோ டி ஜென்னாரோ. வலை கண்ட முதல் புகைப்படங்களுள் அது ஒன்று. ஆனால் அன்றைய பிரவுசர்களில் பொதுவாகப் படம் தனி ஜன்னலில்தான் திறக்கும். எழுத்தோடு சேர்ந்து ஒரே பக்கத்தில் நிற்காது.

1993 பிப்ரவரி 25 அன்று இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் சூப்பர்கம்ப்யூட்டிங் மையத்திலிருந்து மார்க் ஆண்ட்ரீசன் என்ற இளைஞர், பிரவுசர் எழுதும் மற்றவர்களுக்கு ஒரு யோசனை அனுப்பினார். ஐஎம்ஜி என்று ஒரு டேக். அதற்குள் எஸ்ஆர்சி என்ற இடத்தில் படத்தின் முகவரி. இதைவிடப் பொதுவான வழி வேண்டும் என்று பலர் விவாதித்தார்கள். விவாதம் ஒரு பக்கம் இருக்க, ஆண்ட்ரீசனும் எரிக் பைனாவும் தங்கள் மொசைக் பிரவுசரில் அந்த டேக்கைச் சேர்த்து வெளியிட்டுவிட்டார்கள். அது நிலைத்தது.

இந்த டேக்கின் எளிமையில்தான் படக்கூடத்தின் விதை இருக்கிறது. பக்கத்துக்குள் படம் கிடையாது, படத்தின் முகவரி மட்டுமே இருக்கிறது. முகவரி மாறினால் படம் மாறும். அந்த முகவரியை மனிதர்தான் எழுத வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

படம் சிறுத்த கதையையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை யாரும் சொல்வதில்லை. செல்போன் எடுக்கும் 12 மெகாபிக்சல் படம் ஒன்று, சுருக்காமல் நினைவகத்தில் விரித்தால், பிக்சலுக்கு 4 பைட் வீதம் 48 மெகாபைட் ஆகும். அதுவே ஜேபெக் ஃபைலாக இருக்கும்போது சில மெகாபைட்டில் அடங்கிவிடுகிறது. இந்தச் சுருக்கத்துக்கு அடியில் இருக்கும் கணக்கின் பெயர் டிஸ்கிரீட் கொசைன் டிரான்ஸ்ஃபார்ம். படத்தை எட்டுக்கு எட்டுப் பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, கண் அதிகம் கவனிக்காத நுணுக்கங்களைக் கழித்துவிட அது வழிசெய்கிறது. பெங்களூரில் பிறந்து அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த நசீர் அகமது, 1972இல் இதை ஆராய்ச்சி செய்ய அமெரிக்க தேசிய அறிவியல் நிறுவனத்திடம் நிதி கேட்டார். யோசனை மிக எளிதாக இருக்கிறது என்று மறுத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு கோடை விடுமுறையில் நிதியில்லாமலே அதில் உழைத்தார். அவரும் அவருடைய மாணவர் டி. நடராஜனும் கே. ஆர். ராவும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1974 ஜனவரியில் வந்தது. ராவ், 1952இல் மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்றவர். 1992இல் ஜேபெக் தரநிலையாக வந்தபோது இந்தக் கணக்கே அதற்கு அடித்தளமாயிற்று. இவர்களின் பெயர் நம் கணினிப் பாடப்புத்தகங்களில் கொட்டை எழுத்தில் இருக்க வேண்டியது.

முகவரியை மனிதர் எழுதாமல் நிரல் எழுதும் வழி எப்படி வந்தது? ராஸ்மஸ் லெர்டார்ஃப், கிரீன்லாந்தில் பிறந்து கனடாவில் படித்தவர். 1994இல் தன்னுடைய சுயவிவரப் பக்கத்தை இணையத்தில் வைத்திருந்தார். வேலை தேடுகிறவர் எவருக்கும் எழும் கேள்விதான் அவருக்கும் எழுந்தது: இதை யாராவது பார்க்கிறார்களா? வருகையைக் கணக்கெடுக்க சி மொழியில் சில சிறு நிரல்கள் எழுதினார். அவற்றுக்கு அவர் வைத்த பெயர் ‘பர்சனல் ஹோம் பேஜ் டூல்ஸ்’, சுருக்கமாக பிஎச்பி. 1995 ஜூன் 8 அன்று மூல நிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டார். பிறகு இஸ்ரேலைச் சேர்ந்த ஜீவ் சுராஸ்கியும் ஆண்டி கட்மன்ஸும் அதைத் திருப்பி எழுத, 1998இல் பிஎச்பி 3 வெளிவந்தது. எச்டிஎம்எல் பக்கத்துக்கு நடுவே ‘இங்கே இந்தக் கணக்கைச் செய்து விடையை எழுது’ என்று சொல்லும் வசதி, நிரல் எழுதிப் பழக்கமில்லாதவர்களையும் உள்ளே இழுத்தது. மொழி அழகாக இல்லை என்று கணினி அறிஞர்கள் குறை சொன்னது உண்டு. ஆனால் தன் படங்களைத் தானே அடுக்க நினைத்த சாதாரண மனிதருக்கு அந்த ஆண்டுகளில் அதைப்போல் கைகொடுத்த மொழி வேறில்லை என்பது என் எண்ணம்.

மற்ற உறுப்புகளும் ஏறக்குறைய அதே காலத்தில் வந்தன. பிரவுசர் வழியாகவே ஃபைலை அனுப்பும் முறையை ஜெராக்ஸைச் சேர்ந்த எர்னெஸ்டோ நெபெலும் லாரி மசின்டரும் 1995 நவம்பரில் வகுத்தார்கள். ‘ஃபைலைத் தேர்ந்தெடு’ என்ற பொத்தான் அவர்கள் கொடுத்தது. ஃபின்லாந்தைச் சேர்ந்த மைக்கேல் விடேனியஸும் அவருடைய சுவீடன் கூட்டாளிகளும் அதே 1995இல் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸை வெளியிட்டார்கள். அதன் பெயரில் உள்ள ‘மை’ அவருடைய மகளின் பெயர். படத்தைச் சர்வரிலேயே சுருக்கித் தரும் ஜிடி என்ற நிரல்தொகுப்பை எழுதியவர் தாமஸ் பூட்டெல். அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தின் புரதத் தரவு மையத்தில், ஆய்வுப் படங்களை உடனுக்குடன் வரைந்து காட்டுவதற்காக அது பிறந்தது.

ஒருவருக்குச் சுயவிவரத்தைப் பார்த்தவர் கணக்கு, இன்னொருவருக்குப் புரதம் பற்றிய படம். இவை எல்லாம் சேர்ந்ததும் படக்கூடம் தானாகவே சாத்தியமாயிற்று. 2000இல் பரத் மெதிரட்டா தொடங்கிய ‘கேலரி’ என்ற திறமூல மென்பொருள் பிஎச்பியில் எழுதப்பட்டது. சொந்த சர்வரில் அதை நிறுவி, படங்களை ஏற்றினால் ஆல்பம், சிறுபடம், முன்பின் இணைப்பு எல்லாவற்றையும் அதுவே கட்டிக்கொடுத்தது.

இப்படிப்பட்ட படக்கூடத்தை ஊரறியச் செய்தது ஃபிளிக்கர் தளம். அதன் பிறப்பும் தற்செயல்தான். கனடாவின் வான்கூவரில் ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்டும் கேட்டரினா ஃபேக்கும் லூடிகார்ப் என்ற சிறு நிறுவனத்தில் ‘கேம் நெவர்எண்டிங்’ என்ற இணைய விளையாட்டைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பணம் தீர்ந்துகொண்டிருந்தது. ஒரு மாநாட்டுக்காக நியூயார்க் போன பட்டர்ஃபீல்ட், உணவு ஒவ்வாமல் இரவெல்லாம் வாந்தியெடுத்துக் கிடந்தபோது இந்த யோசனை வந்ததாகச் சொல்லியிருக்கிறார். விளையாட்டில் ஆட்டக்காரர்கள் பொருள்களைச் சேர்த்துவைத்து ஒருவருக்கொருவர் கொடுக்கும் அமைப்பு ஏற்கெனவே தயாராக இருந்தது. பொருளுக்குப் பதில் புகைப்படத்தை வைத்தார்கள். 2004 பிப்ரவரியில் வெளியானபோது அது அரட்டைக்கு நடுவே படம் நீட்டும் இடமாகத்தான் இருந்தது. ஒவ்வொரு படத்துக்கும் நிலையான முகவரியும், பெயர்க்குறிகளும், கீழே கருத்தெழுத இடமும் வந்தபிறகு கூட்டம் கூடியது. பெரும்பகுதி பிஎச்பி, அடியில் மைஎஸ்க்யூஎல். அடுத்த ஆண்டே யாஹூ வாங்கிக்கொண்டது. கேம் நெவர்எண்டிங் நின்றுபோனது.

இனி, கற்றுக்கொள்கிறவர் மேசைக்கு வருவோம். டேட்டாபேஸில் ஒரு டேபிள் போதும்: எண், ஃபைல் பெயர், தலைப்பு, எடுத்த நேரம், ஏற்றிய நேரம். படம் ஃபோல்டரில் இருக்கட்டும். டேபிளில் அதன் பெயர் மட்டும் இருந்தால் போதும். முகப்புப் பக்கம், டேபிளிலிருந்து இருபது முப்பது வரிகளைக் கேட்டு, வரிக்கு ஒரு ஐஎம்ஜி டேக்கை எழுதுகிறது. ஒரு சின்ன லூப், அவ்வளவுதான். தனிப்படப் பக்கமும் ஒன்றே ஒன்று. முகவரியின் கடைசியில் வரும் எண்ணைப் பார்த்து அந்தப் படத்தை எடுத்துக் காட்டுகிறது. பழைய ஆல்பக்காரரை வாட்டிய ‘அடுத்தது’ என்ற இணைப்பை இனி யாரும் எழுதிவைப்பதில்லை. இந்தப் படத்துக்குப் பிறகு எடுத்தவற்றில் முதலாவது எது என்று டேட்டாபேஸைக் கேட்கிறோம். விட்டுப்போன படத்தை அடுத்த மாதம் ஏற்றினாலும் அது தன் நேரத்துக்குரிய இடத்தில் வந்து நிற்கும். இந்த ஒரு கேள்வியை முதன்முறை எழுதி, அது வேலைசெய்வதைப் பார்க்கிறவருக்கு டைனமிக் என்றால் என்ன என்று அதற்கப்புறம் யாரும் விளக்க வேண்டியதில்லை.

தொடக்கத்தில் தடுக்கிவிழும் இடங்கள் உண்டு. ஃபைல் அனுப்பும் படிவத்தில் என்க்டைப் என்ற பண்பை மல்ட்டிபார்ட் என்று வைக்க மறந்தால், படம் போகாது. அதன் பெயர் மட்டும் போகும். நெபெலும் மசின்டரும் 1995இல் வகுத்த விதி அது. அடுத்து அளவு. பிஎச்பியில் ஒரு ஃபைலுக்கான இயல்பான உச்சவரம்பு 2 எம்பி. இன்றைய போன் படங்கள் பல அதைத் தாண்டிவிடும். பழைய சிறு படங்களோடு ஒழுங்காக நடந்த நிரல், புதுப் படம் வந்ததும் ஏன் மௌனமாகிறது என்று தெரியாமல் திண்டாட வேண்டாம். வரம்பைக் கூட்டினால், அடுத்து நினைவகம் இடறும்: சிறுபடம் செய்ய ஜிடி ஃபைலைத் திறக்கும்போது அந்த 48 மெகாபைட்டும் முழுதாக விரியும்.

போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படம் தளத்தில் படுத்துக் கிடப்பதும் வழக்கம். கேமரா பல நேரம் படத்தைத் திருப்புவதில்லை. எந்தப் பக்கம் மேலே என்று ஒரு குறிப்பை மட்டும் எழுதிவைக்கிறது. 1995இல் ஜப்பானிய மின்னணுத் தொழில்துறை அமைப்பு வகுத்த எக்ஸிஃப் என்ற அந்தக் குறிப்புப் பகுதியில்தான் எடுத்த நேரமும் இருக்கிறது. அங்கேயே எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இருக்கலாம். வீட்டில் எடுத்த குழந்தையின் படத்தை அப்படியே பொதுவில் வைத்தால், வீட்டு முகவரியையும் சேர்த்து வைத்ததாகும். நேரத்தைப் படித்து டேபிளில் எழுதிக்கொண்டு, குறிப்பின்படி படத்தைத் திருப்பிவிட்டு, வெளியிடும் பிரதியிலிருந்து மற்றதைக் கட்டாயம் நீக்கிவிடுங்கள்.

வருகிறவர் கொடுக்கும் ஃபைல் பெயரை நம்பக் கூடாது. ஒரே பெயரில் இரண்டு பேர் ஏற்றினால் ஒன்று மற்றொன்றை அழித்துவிடும். அதைவிட மோசம், படம் என்று சொல்லி ஒரு பிஎச்பி நிரலை ஏற்றி உங்கள் சர்வரையே கைப்பற்றுவது. ஆகவே உள்ளே இருப்பது படம்தானா என்று திறந்து பார்த்து, நீங்களே புதுப்பெயர் வைத்து, நிரல் ஓடாத ஃபோல்டரில் வையுங்கள். தலைப்பாக யாராவது தட்டச்சிட்டு அனுப்புவதையும் அப்படியே பக்கத்தில் கொட்டக் கூடாது. இந்த எச்சரிக்கைகளைப் பல பாடங்கள் கடைசி அத்தியாயத்துக்குத் தள்ளிவிடுகின்றன. முதல் நாளிலேயே சொல்லப்பட வேண்டியவை இவை.

வேர்ட்பிரஸில் ஒரு பிளக்இன் போட்டால் இதெல்லாம் சில நிமிடத்தில் முடியுமே என்று கேட்பது நியாயம்தான். கடைக்கோ நிறுவனத்துக்கோ தளம் வேண்டுமென்றால் அதையே செய்யுங்கள். கற்றுக்கொள்ள வந்தவர் ஒருமுறையாவது எதையும் கடன் வாங்காமல் முழுதாகக் கட்டிப் பார்க்க வேண்டும். படிவம், சர்வர், ஃபைல், டேட்டாபேஸ், பாதுகாப்பு என்று வலை நிரலாக்கத்தின் முக்கியமான உறுப்புகள் இவ்வளவு சின்ன இடத்தில் சேர்ந்து வரும் பயிற்சி எனக்குத் தெரிந்து வேறில்லை. எக்ஸாம்ப் என்ற இலவசத் தொகுப்பை நிறுவினால் சர்வரும் பிஎச்பியும் டேட்டாபேஸும் உங்கள் கணினியிலேயே கிடைக்கும். காசு கொடுத்து இடம் வாங்க வேண்டாம். உங்கள் வீட்டுப் பழைய படங்களில் பத்தை ஸ்கேன் செய்துகொண்டு, ஒரு டேபிள், மூன்று ஃபைல் என்று இந்த வாரமே தொடங்குங்கள்.