திருப்பத்தில் நிற்கும் தேர்

கார்த்திகைத் தீப உற்சவத்தின் ஏழாம் நாள் திருவண்ணாமலையின் மாட வீதிகளில் பஞ்ச ரதங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வலம் வரும்போது, விநாயகர் தேரும் முருகன் தேரும் முன்னே போனபின், உண்ணாமுலையம்மனோடு அண்ணாமலையார் எழுந்தருளிய மகா ரதம் நிலையை விட்டு அசையும் அந்தக் கணத்தைக் காண்பதற்கே ஜனங்கள் ராஜகோபுரத்தின் முன் திரள்கிறார்கள். அந்தக் காட்சியின் மகிமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆயினும் தேரின் உண்மையான பரீட்சை சிறிது தூரம் தள்ளி, தேரடி வீதியின் தென்கோடியில், அது திருவூடல் வீதிக்குள் திரும்ப வேண்டிய முனையில் இருக்கிறது என்று பல ஆண்டுகள் பார்த்துப் பார்த்து உறுதி கொண்டிருக்கிறேன்.

ஏனெனில் தேருக்கு நேரே போகத்தான் தெரியும். மாட்டு வண்டியில் மாடு திரும்பினால் ஏர்க்காலும் திரும்பும், ஒரே அச்சுள்ள வண்டியும் அதன் பின்னே இணங்கி வரும். தேரிலோ முன்னச்சும் பின்னச்சும் இலுப்பையும் தேக்கும் கோத்த அடித்தட்டோடு அசைக்க முடியாதபடி பிணைக்கப்பட்டிருக்கின்றன. சங்கிலி வடத்தை எத்தனை ஆயிரம் பேர் பக்கவாட்டில் இழுத்தாலும் அந்தப் பாரம் எளிதில் முகம் திருப்பாது. அதைத் திருப்புகிறவர்கள் வடம் பிடிப்பவர்கள் அல்லர். சக்கரத்தின் அருகே குந்தியபடி, முட்டுக்கட்டையின் பிடியைக் கையில் பற்றிக்கொண்டு, தலைக்கு மேலே எழும் கோஷத்தில் மனம் செல்லாமல், தேர்க்காலின் விளிம்பு மண்ணைத் தொடும் அந்த ஒரு சாண் இடத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும் நாலைந்து பேர்.

கட்டை என்ன செய்கிறது என்பதைக் கல்லூரியின் முதலாண்டு மாணவன் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். சக்கரத்தின் ஆரம் 4 அடி என்றும், கட்டையின் உயரம் 3 அங்குலம் என்றும் வைத்துக்கொள்வோம். கட்டையின் முனையைச் சுற்றி இழுப்பின் திருப்பு விசையையும் பாரத்தின் திருப்பு விசையையும் சமன் செய்தால், அந்தச் சக்கரத்தின்மேல் இறங்கும் பாரத்தில் ஏறக்குறைய 37 சதவீதம் இழுத்தால்தான் அது கட்டைமேல் ஏறும் என்று விடை வரும். சக்கரத்தின் ஆரம் 2 அடியாக இருந்திருந்தால் 55 சதவீதம் வேண்டியிருக்கும். தேர்க்கால்களை ஏன் ஆள் உயரத்துக்கு மேல் செய்தார்கள் என்பதும், ஒரு முழத் துண்டு மரத்துக்கு ஏன் அத்தனை அதிகாரம் என்பதும் இந்த ஒரே கணக்கில் விளங்கிவிடுகின்றன. அச்சின் உராய்விலும் இதே நியாயம் உண்டு. அரையடி ஆரமுள்ள அச்சின்மேல் 4 அடி ஆரமுள்ள சக்கரம் சுழன்றால், அச்சில் எழும் உராய்வு விளிம்பில் எட்டில் ஒரு பங்காகத்தான் உணரப்படும். வைக்கோல் கரியையும் விளக்கெண்ணெயையும் குழைத்து வண்டி மை தடவிய நம் வண்டிக்காரர்கள் அந்தப் பங்கையும் குறைத்தார்கள்.

இனித் திருப்பம். பிரதக்ஷிணமாதலால் தேர் நான்கு முனைகளிலும் வலப்பக்கமே திரும்புகிறது. வலச்சக்கரத்துக்குக் கட்டை விழுகிறது. இழுப்பு தேரின் நடுக்கோட்டில், தடை வலது ஓரத்தில். இரண்டுக்கும் நடுவிலுள்ள அச்சின் பாதி நீளமே நெம்புகோலின் கையாகித் தேரைச் சுழற்றுகிறது. அச்சின் நீளம் 12 அடியானால், வலச்சக்கரம் நிற்க, அதே அச்சின் இடச்சக்கரம் கால் வட்டமாக 19 அடி போக வேண்டும். 8 அடி விட்டமுள்ள சக்கரத்துக்கு அது சரியாக முக்கால் சுற்று. காகிதத்தில் இத்தோடு கணக்கு முடிந்துவிடும். வீதியில் முடியாது. ஓரச்சு உருண்டு திரும்பும்போது மற்ற அச்சின் சக்கரங்கள் பக்கவாட்டில் தேய்ந்து நகர்ந்தே தீர வேண்டும். பாடப்புத்தகம் வழுக்காமல் உருள்வதாக வைத்துக்கொள்ளச் சொல்கிறது. தேரோ வழுக்காமல் திரும்புவதே இல்லை. எங்கே எவ்வளவு வழுக்க விடுவது என்பதே அந்த நாலைந்து பேரின் வித்தை. திருவாரூர் ஆழித் தேருக்கு முனைகளில் இரும்புத் தகடு விரித்து மசகு தடவுவதும் இந்த வழுக்கலுக்காகவே.

வள்ளுவர் உருவத்தால் சிறிய அச்சாணியைப் பெருந்தேருக்கு ஆதாரமாகச் சொன்னதன் சூக்ஷ்மமும் இந்த முனையில்தான் எனக்குப் புலப்பட்டது. நேரான வீதியில் அச்சாணிக்குப் பெரிய வேலை இல்லை. பக்கவாட்டில் தள்ளப்பட்ட சக்கரம் அச்சைவிட்டு வெளியே நழுவப் பார்க்கும் திருப்பத்தில், அந்தத் தள்ளல் முழுவதையும் அது ஒன்றே தாங்குகிறது.

இந்த அறிவு எவ்வளவு பழையது என்று கேட்டால், 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜன் காலத்துத் தாராசுரம் கோயிலில் மண்டபத்தையே சக்கரமும் குதிரையும் பூட்டிய ரதமாகக் கல்லில் வடித்திருப்பதைக் காட்டலாம். ரத லக்ஷணத்துக்கென்றே தனி அத்தியாயம் வகுத்த மானசாரத்தையும் காட்டலாம். சுழற்சியை ஏட்டில் கணக்கிட்டதோ பிந்தியே. ஐரோப்பாவில் ஹைகன்ஸ் 1673இல் ஊசலின் இயக்கத்தை ஆராய்ந்து நூல் வெளியிட்டார். நிலைமத் திருப்புத்திறன் என்ற கருத்துக்கு ஆய்லர் 1765இல் பெயரிட்டு, சுழலும் திடப்பொருள்களின் சாஸ்திரத்தை ஒழுங்குபடுத்தினார். கிருஷ்ணதேவராயர் தொடங்கித் தஞ்சை செவ்வப்ப நாயக்கர் முடித்த திருவண்ணாமலையின் 217 அடி ராஜகோபுரம் அதற்கு வெகுகாலம் முன்பே எழுந்து நின்றது. ஆய்லரின் சமன்பாடுகள் உலகெங்கும் பாடமாயின. கட்டை போடுகிறவரின் அறிவோ தந்தையின் கையிலிருந்து மகனின் கைக்குச் சென்றதோடு நின்றது. அதை ஒருவரும் உட்கார்ந்து எழுதி வைக்காததை நான் பெரும் நஷ்டமாகவே கருதுகிறேன். பிற்காலத்தில் திருச்சி பாரத மிகுமின் நிறுவனம் இரும்புச் சக்கரமும் நீரழுத்தத் தடையும் செய்து கொடுத்த திருவாரூர்த் தேருக்குக்கூட முட்டுக்கட்டை வேண்டாததாகிவிடவில்லை.

திருவண்ணாமலையில் மலை மேற்கே இருப்பதால் திருவூடல் வீதி ஏற்றம், பெரிய தெரு இறக்கம். பே கோபுர வீதியைக் கடந்து பெரிய தெருவில் இறங்கும்போது இழுப்பவர்களின் வடம் தளர்கிறது. அதுவரை தேரைத் திருப்பிய கட்டை இப்போது அதைப் பிடித்து நிறுத்துகிறது. ஒவ்வொரு முறையும் நசுங்கிய மரத்திலிருந்து சூடேறிய வாடை எழுகிறது. வடகிழக்கு முனையையும் கடந்து இரவில் தேர் நிலைக்கு வந்தபின், வடத்தைத் தொட்ட கைகளைக் கண்ணில் ஒற்றியபடி ஜனங்கள் கலைகிறார்கள். கட்டை போடுகிறவர் குனிந்து, விளிம்பு சிதைந்த ஒரு கட்டையைச் சக்கரத்தின் அடியில் காலால் இறுக்கிவிட்டு நிமிர்கிறார்.